கடைசிக் கழிவறை

மாணவர் விடுதியின் கடைசிக் கழிவறைக்குள் ஒருவன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறான். பன்றிகூட உள்ளே வர யோசிக்கும் இடம். மூலையில் ஊறிப்போன சிகரெட் துண்டுகள், சுவரில் எவனோ துப்பிக் காய்ந்த சளி. கால் மாற்றும்போதெல்லாம் செருப்பு ஈரத்தில் சளக் சளக்கென்கிறது. மூக்கை மூடினால் மூச்சு முட்டுகிறது. திறந்தால் மூத்திர நெடி தொண்டைக்குள் இறங்கிக் குமட்டுகிறது. கண் மட்டத்திலிருக்கும் சின்னச் சன்னலில் பல்கலைக்கழக மைதானம் தெரிகிறது. மாலை வெயிலில் பச்சைப்பசேலென்று காலியாகக் கிடக்கிறது. போன வாரம் அங்கேதான் ஓடினான். அடிக்கு அடி கைதட்டி, "பூமி தாங்காதுடா குண்டா!" என்று கத்தி, அதை வீடியோ எடுத்து வகுப்பு முழுக்க அனுப்பியவன் அவனுடைய அறைத்தோழன். இப்போது கதவைத் தட்டுவதும் அவன்தான். "டேய் குண்டா, உள்ள என்னடா அது, சளக் சளக்குன்னு சத்தம்?" ஓட்டம் நிற்கிறது. சட்டென்று ஒரு முக்கு முக்கி, குழாயைத் திறந்துவிடுகிறான். "வயிறு சரியில்ல மச்சி. காலைலேருந்து பிச்சுக்கிட்டு போகுது." "அடப்பாவமே! மாத்திரை ஏதாவது வாங்கிட்டு வரட்டுமாடா?" குரலில் அப்படி ஒரு கரிசனம். "வேணாம்டா, சரியாயிடும்." காலடிச் சத்தம் விலகிப் போகிறது. உள்ளே இருப்பவன் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறான். பிறகு, வெளியே கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தரையில் வெறுங்காலோடு மறுபடி ஓடத் தொடங்குகிறான்.