ஆந்தைக் காசு

கெர்னோட் மூன்றாவது ஆல்பத்தை எடுத்தபோது நான் கடவுளிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். ஈரநரி பொய் சொல்லியிருக்க வேண்டும்.

ஈரநரி யாரென்று எனக்குத் தெரியாது. காட்டிலும் பாலத்தடியிலும் யாரோ ஒளித்துவைத்த டப்பாக்களை விளையாட்டாகத் தேடித் திரியும் இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு. என் கணவர் எக்கார்ட்டுக்குக் கிழட்டு ஆந்தை என்று பெயர். அவருடைய காசும் ஆந்தை வடிவம்தான்.

செலவுக்கு ஆகாத, இந்தக் கூட்டத்தார் சேர்த்துவைத்துக் காட்டிக்கொள்ளும் காசு. விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். பார்த்தவர்கள் அந்த எண்ணை இணையதளத்தில் போட்டு, எங்கே பார்த்தோம் என்று இரண்டு வரி எழுதுவார்கள். அடுத்த நிமிடமே சொந்தக்காரருக்கு மின்னஞ்சல் போய்விடும்.

எக்கார்ட் போய் ஏழு மாதம். அவருடைய மின்னஞ்சலை நான்தான் பார்க்கிறேன். விளம்பரத்தை அழிக்கக்கூட மனம் வருவதில்லை.

மூன்று வாரம் முன்பு ஈரநரியின் வரி வந்தது. மாதக் கூட்டத்தில் ஆந்தைக் காசைப் பார்த்தாராம். அழகாக இருந்ததாம். காட்டியதற்கு நன்றியாம்.

அந்தக் காசைப் பத்திரமாக வைத்தவள் நான். இந்தக் கையால்.

காசையே பார்க்காமல், எண்களைப் பட்டியல் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பி, பார்த்தேன் பார்த்தேன் என்று எழுதித் தள்ளும் பித்தலாட்டக்காரர்கள் இதில் நிறைய உண்டு. எக்கார்ட்டுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. நானோ அப்படி ஒரு பித்தலாட்டக்காரனுக்காக வேண்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மழையில் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறேன்.

இந்த மாதக் கூட்டம் நடந்த விடுதியின் பின்னறை முழுக்க ஈரச் சட்டை வாசமும் சூப் வாசமும். மேசைக்கு மேசை ஆல்பங்களை விரித்து வைத்திருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எங்கும் இல்லை. கெர்னோட்டின் மேசைதான் பாக்கி.

அவன்மேல் எனக்குத் துளி சந்தேகமும் கிடையாது. இருபத்திரண்டு வருடச் சிநேகம். ஆந்தைக்கு ஈடாக ஆல்பத்தையே தருகிறேன் என்று ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கேட்பான். என் பைதான் அதற்குப் பொந்து என்று எக்கார்ட் சிரிப்பார். எக்கார்ட்டை அடக்கம் செய்த அன்று, ஐந்து நிமிடம் நண்பனோடு தனியாக இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டு விம்மியவன் கெர்னோட். கதவை நானே சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

மேசையைச் சுற்றிக் கூட்டம். எல்லோருக்கும் பின்னால் நான் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர், ஓர் அபூர்வமான ஆந்தை இருக்கிறதாமே என்று கேட்டார். கெர்னோட்டின் முகம் மலர்ந்துவிட்டது. நாலு பேர் பார்க்காத காசு அவனுக்கு எதற்கு?

பக்கத்தைப் புரட்டினான்.

மூன்றாவது வரிசையில் இருந்தது. இடது காது மூளியாக. அணைக்கட்டின் கல்லில் எக்கார்ட் தவறவிட்டபோது உடைந்த காது அது.

என் கை தானாக நீண்டு பிளாஸ்டிக் உறையைத் தொட்டது. கெர்னோட் நிமிர்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. இறந்தவனின் மின்னஞ்சலை யார் திறக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

சுற்றி இத்தனை பேர். அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"எக்கார்ட் குடுத்தது, ரோசி. அவன் கையிலேருந்தே வாங்கினேன்."

பக்கத்தில் நின்ற அம்மாள் உருகிப்போய், எப்பேர்ப்பட்ட நட்பு என்றாள்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாவம், புருஷனை இழந்தவள் என்று ஒரு நாற்காலியும் ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள்.

கைபேசியை எடுத்தேன். ஆந்தையின் எண் எனக்கு மனப்பாடம். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதே எண்ணைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். யார் இணையதளத்தில் அந்தக் காசின் பக்கத்தைத் திறந்தாலும் நான் எழுதுவதும் அங்கே இருக்கும்.

எழுதினேன்.

'ஆந்தையைக் கடைசியாகப் பார்த்தது அக்டோபர் பதினேழு. கெர்னோட் சொல்வது நிஜம். காசு எக்கார்ட்டின் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியவள் நான். சவப்பெட்டியை அப்போது இன்னும் மூடியிருக்கவில்லை.'