ஒண்ணாவது வகுப்பு விண்ணப்பம்

விடியலிலிருந்து மூட்டை சுமந்த கழுத்து விண்விண்ணென்று வலிக்க, பள்ளி அலுவலக மேசை முன் நிற்கிறான் சுமைகூலி. எழுதப் படிக்கத் தெரியாதவன். எட்டு வயதான மூத்த மகள் மண்டியிட்டு, பெஞ்சில் தாளை வைத்துத் தங்கையின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் பேனா முனையில் விழுகிறது. தங்கை காலியான பிஸ்கட் உறையை நசுக்கி விளையாடுகிறாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ்களை எடுத்து நீட்டுகிறான். "ரெண்டு இருக்கே?" என்கிறார் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் சிஸ்டர். "பெரியவளோடதும் கொண்டாந்தேன், சிஸ்டர். வேற ஸ்கூல்ல மூணாவது படிக்கிறா. இந்தக் கையெழுத்து அவளோடதுதான்." "முத்து முத்தா இருக்கு. ஆனா ஒண்ணாவதுல மட்டுந்தான் சேர்ப்போம். இங்கேர்ந்து போறவங்களைத்தான் பெரிய கான்வென்ட்ல எடுப்பாங்க." ஒரு சான்றிதழ் மடிந்து பைக்குள் திரும்புகிறது. மூத்தவள் தலை நிமிராமல் கேட்கிறாள்: "என்னை ஏம்ப்பா அப்பவே இங்க சேர்க்கல?" "வேலைக்குப் போற வழியில அந்த ஸ்கூல்தாம்மா இருந்துச்சு." அவள் அவனுடைய பெருவிரலைப் பிடித்து, மைப்பெட்டியில் ஒற்றி, தங்கையின் தாளில் அழுத்துகிறாள். சிஸ்டர் முத்திரை குத்துகிறார். சின்னவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மூத்தவளுக்கு அவன் ஒரு பள்ளிக்கூடம் பாக்கி வைத்திருக்கிறான்.