அவன் குரல்

"உன் புருஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் ஓரின் உசிரோட இருந்திருப்பாரு," என்றாள் வெர்னா.

"டுவைட் சொல்லாம இருந்திருக்க மாட்டாரு," என்றாள் மேவிஸ்.

அவரவர் கராஜில் ஆண்டுக்கணக்கில் தாங்களே கட்டிய விமானங்களில், சனிக்கிழமை இருவரின் கணவர்களும் வானில் மோதி, சோளக்காட்டில் விழுந்து செத்திருந்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்த அந்தப் புல் ஓடுதளத்தில் வழி சொல்ல ஆள் கிடையாது. இறங்குகிறவன் ரேடியோவில் தானே அறிவிக்க வேண்டும். அடுத்தவன் கேட்டு ஒதுங்க வேண்டும்.

"மூணு வருஷமா எங்ககூட பேசாத திமிரு. சாகும்போதும் பேசலை பாரு," என்றாள் வெர்னா.

இருவரையும் வரவழைத்திருந்த விசாரணை அதிகாரி ஓடுதளத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டார். "சிவப்பு விமானம், இறங்கறேன்," என்றது டுவைட்டின் குரல். நிதானமாக, மூன்று முறை.

வெர்னா அதிகாரி பக்கம் திரும்பினாள். "அப்ப ஓரினுக்கு ஏன் கேக்கலை?"

"அவர் ரேடியோ வேற சேனல்ல இருந்திருக்கும்மா," என்றார் அதிகாரி.

"அங்க யார்கூடப் பேசிக்கிட்டிருந்தாரு?" என்றாள் மேவிஸ்.

வெர்னா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே, தரையிலிருந்து விமானத்தோடு பேசும் அவளுடைய கை ரேடியோ இருந்தது.

"அந்தாளு குரலைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. வேற சேனலுக்கு வாங்க, நாம பேசுவோம்," என்று சனிக்கிழமை அவள் அதில்தான் ஓரினைக் கூப்பிட்டிருந்தாள்.