அமாவாசை நெரிசல்

ஆடி அமாவாசையன்று ஊரே இறந்தவர்களைத் திரையில் எழுப்பிக்கொண்டிருந்தது. வசுமதியின் அப்பா மட்டும் எழவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, படையல் சோறு ஆறியது. அவள் சேவை மையத்தை அழைத்தாள்.

“ஒரே சர்வர்ல எல்லாரும் எழுப்புறாங்க மேடம், மெதுவாத்தான் வருவாரு,” என்றான் மறுமுனையில் இருந்த இக்பால். “நடுவுல அணைச்சுப் போட்டீங்களா?”

“காலையிலேர்ந்து அதைத்தான் பண்றேன். டிவிக்கு அப்படித்தானே செய்வோம்?”

இக்பால் குரலைத் தாழ்த்தினான். “முதல்ல நினைவு வந்துடும் மேடம். கண்ணும் வாயும் கடைசியிலதான் வரும். நீங்க அணைக்கிறப்பல்லாம் அவருக்கு மூச்சு நிக்கிற மாதிரியே இருக்கும்.”

வட்டம் நின்றது. அப்பாவின் கண்கள் திறந்தன. அவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அணைக்கும் பொத்தான்மேல் இருந்த அவள் விரலையே பார்த்தன.

“கையை எடுத்துடும்மா,” என்றார்.