கர்ப்பிணிக்கு நான்கு நிமிடம்

“வீடு என்பது மூன்று தலைமுறையின் தவம்” என்று கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அச்சடித்திருந்தார் பொன்னரசு. அந்தத் தவத்தின் நிலைவாசலில், உள்ளே எவ்வளவு நேரம் மூச்சு விடலாம் என்று காட்டும் அரசாங்கப் பலகை இருந்தது. அதை மறைத்துத் திருஷ்டி பொம்மை மாட்டியிருந்தார்.

அவர் மகள் இதழினியைத் தலைப்பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட வந்த சம்பந்தியம்மா, பொம்மையை விலக்கிப் படித்தார். “கர்ப்பிணிக்கு நான்கு நிமிடம்.”

“பெயின்ட்டு, பிளைவுட்டெல்லாம் இன்னும் புதுசுங்க. வாசனை தானா போயிடும்.”

“போனதும் சொல்லுங்க சம்பந்தி, பேரனோட வர்றோம். வா கண்ணு, ஏறு வண்டியில.”

இதழினி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாடியில எதுக்குப்பா கொசுவலை?” என்று கேட்டாள்.

குடிவந்த நாளிலிருந்து பொன்னரசு மொட்டை மாடியில்தான் தூங்குகிறார்.