பெயர் வெட்டிய தட்டு

அவள் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது என் பேரு இல்ல டீச்சர். என் பேரு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மாலை வகுப்பில் மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைநாட்டு ஒருத்தி டீச்சருக்கே பாடம் நடத்தினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

டீச்சர் சின்னப் பெண். முகம் சுளிக்காமல் மறுபடி எழுதிக் காட்டினாள்.

பேச்சி.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தன் பெயர் இத்தனை நீளம் கிடையாது. எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள். பார்ப்பது என்ன, தினமும் அதைத் தொட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறாள்.

வேலை செய்யும் வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு உண்டு. எவர்சில்வர். விளிம்பில் பாத்திரக்கடையில் பெயர் வெட்டியது, புள்ளி புள்ளியாக. வேலைக்குச் சேர்ந்த மறுவாரம் அந்த வீட்டு அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"இது உனக்கு. மத்த தட்டுல கை வைக்காத."

இரண்டாவது பேச்சு அவளுக்குப் புதிதில்லை. எல்லா வீட்டிலும் கேட்டதுதான். முதல் பேச்சுதான் புதிது.

அவளுக்கென்று பெயர் வெட்டிய தட்டு. கல்யாணத்துக்கு வந்த குடத்தில்கூட அவள் பெயர் இருந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் பீற்றிக்கொண்டாள்.

சாப்பிடும்போது இடது கை விரல் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருக்கும். தன் பெயரைத் தானே வாசிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. தலை நரைத்த பிறகு சிலேட்டு வாங்கியது அதற்காகத்தான்.

இங்கே வந்தால் இந்தப் பெண் வேறு எதையோ எழுதி, இதுதான் நீ என்கிறாள்.

சரி, படித்துவிட்டே பேசுவோம் என்று முடிவு செய்தாள்.

கோபத்தில் படித்தாள். டீச்சர் சொன்னது தப்பு என்று முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். பஸ்ஸில் படித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சாம்பலில் எழுதிப் பார்த்தாள். க வரிசை வந்தது. ச வரிசை வந்தது. சிரித்தவர்களெல்லாம் பின்தங்கிப் போனார்கள்.

ட வரிசை வந்ததும் தட்டில் முதல் எழுத்து பிடிபட்டது.

டா.

பேச்சியில் டா எங்கே வந்தது? கடைக்காரன் அழகுக்கு ஏதாவது இழுத்திருப்பான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நேற்று ம வரிசை முடிந்தது.

இன்று மத்தியானம் கொல்லைக் குழாயடியில் தட்டைக் கழுவக் கையில் எடுத்தாள். ஈர விளிம்பில் வெயில் பட்டது. யாரும் சொல்லித்தராமல், யாரும் பக்கத்தில் இல்லாமல், அவள் கூட்டிப் படித்த முதல் சொல்.

டாமி.

படிக்க வந்துவிட்டது. ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டாமி யார் என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் மாலை போட்டுத் தொங்கும் படத்தைத் தினமும் துடைப்பவள் அவள்தான். நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும் பழுப்பு நாய். அவள் வேலைக்கு வருவதற்கு முந்தின மாதம் செத்துப்போனது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் அம்மாவுக்குக் கண் கலங்கும். வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்பாள்.

பிள்ளை போய்விட்டது. தட்டை வீணாக்க மனம் வரவில்லை.

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் மேல் கோபம். அதைவிட, பீற்றிக்கொண்டு திரிந்த தன் மேல் கோபம். ஒரு பாவமும் அறியாத அந்தச் சின்னப் பெண்ணிடம் எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறாள்.

தட்டை வீசியெறிய ஓங்கினாள்.

எறியவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள். பளபளவென்று ஆகும்வரை தேய்த்தாள். துணியால் துடைத்தாள்.

புருஷன் கால் விளங்காமல் வீட்டோடு கிடக்கிறான். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது. எல்லாம் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் அம்மா செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டை அம்மா முன்னால் வைத்தாள். பெயர் அம்மாவைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தாள். சுடுசோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். ஓரத்தில் ஒரு அப்பளம்.

அம்மா பார்க்காமலே பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். அப்பளத்துக்குக் கை நீட்டியபோதுதான் பார்த்தாள்.

"ஏய் பேச்சி, என்ன இது?"

"எழுதியிருக்குல்லம்மா. சத்தமா வாசிங்க. நான் எழுத்துக் கூட்டுனது சரியான்னு பாத்துக்கிடுதேன்."

•

வகுப்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. டீச்சர் சாவியோடு வந்தபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிலேட்டு.

"என்ன பேச்சிக்கா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?"

அவள் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

பே எழுதினாள். ச் எழுதும்போது அழுத்தியதில் குச்சி ஒடிந்தது.

ஒடிந்த துண்டைப் பொறுக்கி மிச்சத்தையும் எழுதினாள்.