செவ்வாய்க்கிழமைக் கருப்பு

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்துவிட்டது. தப்பிப் பிழைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தூக்கம் போச்சு, சிலருக்குப் பேச்சே போச்சு. அவர்களுக்காகப் பக்கத்துத் தெரு மண்டபத்தில் செவ்வாய்தோறும் படம் வரைகிற வகுப்பு வைத்தார்கள். வாய்க்கு வராதது கைக்காவது வரட்டுமே என்றுதான். சாயத்தில் ஊறின கைகளாச்சே, தாளைத் தொடக் கூச்சப்பட்டன. சரி, துணியிலேயே வரையுங்கள் என்று விட்டுவிட்டார் டீச்சரம்மா.

அங்கே வந்தவர்களில் ஒருத்தி மடிப்பக்கா. பட்டறையில் துணி மடித்தவள். இப்போது எங்கேயாவது நீராவி சீறுகிற சத்தம் கேட்டால் போதும், மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஆறு மாசமாகச் சாம்பல் நிறத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவள், அந்தச் செவ்வாய்க்கிழமை மஞ்சளைத் தொட்டாள். ஒரு கோழிக்குஞ்சு வரைந்தாள்.

"என்னக்கா, எலுமிச்சம்பழத்துக்குக் கால் முளைச்சிருக்கு?" என்றார், நீல மீன் வரைந்துகொண்டிருந்த பாய்லர்க்காரர்.

மடிப்பக்கா சிரித்துவிட்டாள். தன் சிரிப்பைத் தானே கேட்டு எத்தனை நாளாச்சு என்று அவளுக்கே திகைப்பு.

அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாக அங்கே ஒரு அநியாயம் நடந்துகொண்டிருந்தது. செவ்வாய் அன்று யார் வண்ணம் தீட்டினாலும், புதன் காலையில் அதன்மேல் கருப்பு பூசியிருக்கும். பச்சைக்கிளி வரைந்த தையல்காரி கோபத்தில் துணியையே கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

யார் வேலை? மடிப்பக்காவின் கண் உப்பண்ணன் மேலேயே இருந்தது.

பட்டறைத் தொட்டியில் உப்பு அளந்து போட்டவர் அவர். உப்பு போட்டால்தான் சாயம் துணியைப் பிடிக்கும். இல்லாவிட்டால் ஒரு அலசலில் ஓடிவிடும். முப்பது வருஷத்தில் ஒரு தொட்டிக்குக்கூட மறந்ததில்லை என்பது அவர் பெருமை. வகுப்பிலும் ஒவ்வொரு வண்ணக் கிண்ணத்துக்கும் உப்பு போடுவது அவர்தான். ஆனால் தான் மட்டும் கருப்பைத் தவிர எதையும் தொடமாட்டார். தனக்கு வராத கலர் இன்னொருத்தருக்கு வந்தால் வயிறு எரியாதா என்று கணக்குப் போட்டாள் மடிப்பக்கா.

மறுநாள் கம்பெனி டாக்டர் வருகிற நாள் வேறு. வாராவாரம் புதன் காலையில் வந்து படங்களைப் பார்ப்பார். முதல் தடவை வந்தபோதே, ரோஜா வரைந்த சலவைக்காரரைத் தட்டிக்கொடுத்துத் தனியாகக் கூட்டிப்போனார். அப்புறம் அந்த மனுஷன் வகுப்புப் பக்கமே வரவில்லை. தேறிவிட்டார், கொடுத்துவைத்தவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நம்மையும் டாக்டர் தட்டிக்கொடுப்பார் என்று ஒரு ஆசை மடிப்பக்காவுக்கு.

எல்லோரும் கிளம்பினபிறகு துணிக்கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உப்பண்ணன் வந்தார். கையில் குவளை, தூரிகை. கொடியில் காய்ந்த குஞ்சின்மேல் நிதானமாகக் கருப்பைப் பூசி முடித்துவிட்டு, பாய்லர்க்காரரின் மீன் பக்கம் திரும்பினார்.

கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?"

அவர் பதறவில்லை. "நாளைக்கு டாக்டர் வந்துட்டுப் போகட்டும் தங்கச்சி. சொல்றேன்."

"அவர்கிட்ட மாட்டிக்குவீங்கன்னு பயமா?"

அவர் மீன் பக்கமே கையை நீட்டினார். அவளும் விடவில்லை. பிடித்த பிடியில் சத்தம் போட்டுப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவை வரவழைத்து, கருப்புக் கையோடு ஆளைக் காட்டிக்கொடுத்தாள். இனிமேல் இந்தப் படியேற வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டீச்சரம்மா. உப்பண்ணன் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலை குனிந்து போனார்.

காலையில் டாக்டர் வந்தார். மடிப்பக்காவின் துணி முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்க மனசு இன்னும் தெளியலை. மூணு மாசம் போகட்டும், பார்ப்போம்."

எல்லாம் அந்தப் பாவியால் வந்தது என்று பல்லைக் கடித்தாள்.

கருப்பு நான் பூசினது இல்லை என்று அவள் வாயெடுப்பதற்குள் டாக்டர் அடுத்த துணிக்குப் போனார். நீல மீன். முகம் மலர்ந்து பாய்லர்க்காரரின் தோளைத் தட்டினார். பையைத் திறந்து ஒரு தாளில் முத்திரை குத்தி நீட்டினார்.

"தேறிட்டீங்க. நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுங்க. பழைய இடம்தான், புது பாய்லர். அந்தச் சலவைக்காரர் மாதிரி ரெண்டாம் நாளே அலறிக்கிட்டு ஓடிப்போயிடாதீங்க."

பாய்லர்க்காரர் தாளை வாங்கினார். அடுத்த நிமிஷம், மடிப்பக்கா ஒளிகிற அதே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மடிப்பக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவள் பொறுத்திருந்தால் அந்த மீனும் கருப்பாகியிருக்கும்.

டாக்டர் போனபிறகு தன் துணியைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். மடிக்கும்போது கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துச் சாயம் விரலில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அவள் தொழில். விரல் தானாகத் தேய்த்தது.

விரல் கருப்பாகிவிட்டது.

குழாயடிக்கு ஓடினாள். தண்ணீர் பட்டதும் கருப்பு கரைந்து ஓடியது. மஞ்சள் குஞ்சு, ஒரு கால்கூடக் குறையாமல், எலுமிச்சம்பழம் மாதிரி அவளைப் பார்த்தது.

முப்பது வருஷத்தில் ஒரு தொட்டிக்குக்கூட மறக்காத மனுஷன், அந்தக் கருப்பில் மட்டும் உப்பே போடவில்லை.